பிளாக்பூல் பிளஷர் பீச்: நாற்பது ஏக்கர் மணலும் நான்கு தலைமுறையும்

பெரிய பொழுதுபோக்குப் பூங்காக்கள் எல்லாம் பன்னாட்டு நிறுவனங்களின் கைக்குப் போய்விட்ட இக்காலத்தில், கடற்கரையில் ஒரே குடும்பம் நூறாண்டுகளுக்கு மேலாக நடத்திவரும் பூங்கா ஏதேனும் உண்டா, உண்டென்றால் அது எப்படி நிலைத்தது என்பது கேள்வி. உண்டு. இங்கிலாந்தின் வடமேற்குக் கரையில், லங்காஷயர் மாவட்டத்தில் உள்ள பிளாக்பூல் நகரின் பிளஷர் பீச் அப்படிப்பட்டது. 1896இல் தொடங்கிய அதன் கதையில் நிறுவனர், அவருடைய மகளும் மருமகனும், பேரன், கொள்ளுப்பேத்தி என நான்கு தலைமுறைகள் வருகின்றன. அது நிலைத்ததற்கு நிர்வாகத் திறமையைப் பலர் காரணமாகச் சொல்வார்கள். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அதற்கும் முந்தைய காரணம் நிலம் என்பது என் கருத்து. வாடகை மணலில் கடை விரித்த ஒருவர் அந்த மணலையே விலைக்கு வாங்கினார். அதன்பின் வந்தவர்கள் அதைத் துண்டுபோட்டு விற்காமல், அதே இடத்தின்மேல் திரும்பத் திரும்பக் கட்டிக்கொண்டே போனார்கள்.

முதலில் ஊரைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும், ஏனெனில் இந்த ஊர் இல்லாமல் அந்தப் பூங்கா இல்லை. பிளாக்பூலுக்கு ரயில் வந்தது 1846இல். லங்காஷயர் அக்காலத்தில் உலகத்துக்கே பருத்தித் துணி நெய்த பகுதி. அங்கிருந்த ஆலை நகரங்களில் கோடைக்காலத்தில் ஒரு வாரம் ஆலைகளை முழுவதுமாக மூடிவிடுவார்கள். அந்த விடுமுறைக்கு 'வேக்ஸ் வீக்' என்று பெயர். கொதிகலன்களையும் இயந்திரங்களையும் பழுதுபார்க்க முதலாளிகளுக்கு அது வசதியாக இருந்தது. எல்லா ஊர்களும் ஒரே வாரத்தில் மூடுவதில்லை என்பதே இங்கே முக்கியம். இந்த வாரம் ஓர் ஊர், அடுத்த வாரம் இன்னோர் ஊர் என்று முறைவைத்து மூடியதால், கோடை முழுவதும் பிளாக்பூலுக்குப் புதிய கூட்டம் வந்துகொண்டே இருந்தது. ஒரே தெருவில் வாழ்ந்தவர்கள் ஒரே ரயிலில் வந்து அக்கம்பக்கத்து விடுதிகளில் தங்கினார்கள். ஆண்டு முழுவதும் சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தை அந்த ஒரு வாரத்தில் செலவழிப்பது அவர்களுடைய வழக்கம். அவர்களை நம்பியே கடலுக்குள் நீளும் மூன்று பாலங்களும், 1885இல் பிரிட்டனின் முதல் மின்சார டிராம் பாதையும், 1894இல் 518 அடி உயரக் கோபுரமும் இந்நகரில் எழுந்தன.

இந்தக் கூட்டத்தைத் தேடி வந்தவர்களில் ஒருவர் வில்லியம் ஜார்ஜ் பீன். 1868இல் பிறந்த இவர் அமெரிக்காவில் சில காலம் வாழ்ந்துவிட்டு 1895 அளவில் தாயகம் திரும்பினார். கையோடு கொண்டுவந்தது 'ஹாட்ச்கிஸ் சைக்கிள் ரயில்' என்ற ஒரு விசித்திரப் பொருளுக்கான உரிமை. வேலி போன்ற உயரமான தண்டவாளம் ஒன்றன்மேல் சைக்கிளைப் பொருத்தி, பயணி தானே மிதித்துச் செல்லும் அமைப்பு அது. ஆர்தர் ஹாட்ச்கிஸ் என்பவர் 1892இல் நியூ ஜெர்சியில் ஒரு தொழிற்சாலையின் பணியாளர்கள் வேலைக்குப் போய்வருவதற்காக இதை அமைத்திருந்தார். எதிரெதிரே இருவர் வந்துவிட்டால் ஒருவர் ஒதுங்கித்தான் ஆக வேண்டும் என்பதால், போக்குவரத்துச் சாதனமாக அது நீடிக்கவில்லை. வேடிக்கைப் பொருளாக மட்டும் அதற்கு மதிப்பு இருந்தது. பீன் 1896இல் ஒன்றைக் கிழக்குக் கரையில் உள்ள கிரேட் யார்மத் நகரிலும் இன்னொன்றைப் பிளாக்பூலிலும் நிறுவினார். பிளாக்பூலில் வருமானம் கூடுதலாக வரவே, அங்கேயே தங்கிவிட்டார்.

அவர் கடை விரித்த இடம் நகரின் தென்கோடியில், டிராம் பாதை முடிந்து மணல்மேடுகள் தொடங்கும் பகுதி. அங்கே ஜான் அவுத்வெயிட் என்பவர் குடை ராட்டினம் ஒன்றை நடத்திவந்தார். இருவரும் கூட்டுச் சேர்ந்து 1903இல் சுமார் 40 ஏக்கர் மணல்நிலத்தை 30,000 பவுண்டுக்கு வாங்கினார்கள். அக்காலத்துக் கேளிக்கைத் தொழிலின் இயல்போடு ஒப்பிட்டால்தான் இதன் துணிச்சல் புரியும். ராட்டினக்காரர் என்றால் ஊர் ஊராகப் போகிறவர், திருவிழா முடிந்தால் மூட்டை கட்டுகிறவர் என்பதுதான் அன்றைய நிலை. நம் ஊர்த் திருவிழாக்களில் இன்றும் அதையே பார்க்கிறோம். பீன் அந்த வழக்கத்திலிருந்து விலகினார். அமெரிக்காவில் கோனி தீவு முதலிய இடங்களில் கண்டதைப் போல ஓரிடத்தில் நிலையாக நிற்கும் பூங்கா ஒன்றை அமைத்து, வளர்ந்தவர்களையும் மீண்டும் குழந்தைகளாக உணரச் செய்வதே தம் நோக்கம் என்று அவர் சொன்னதாக அறிகிறோம். இந்த நோக்கத்தில் கணக்கும் கலந்திருக்கிறது, ஏனென்றால் சம்பாதிப்பவர் குழந்தையல்லவே.

அந்த மணல் ஆளில்லாத வெறும் மணலாக இருக்கவில்லை என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். ஜிப்சிகள் என்று அழைக்கப்பட்ட ரோமானி மக்கள் பல ஆண்டுகளாக அங்கே கூடாரமிட்டு, குறி சொல்லியும் சிறு வணிகம் செய்தும் வாழ்ந்துவந்தார்கள். நகரமன்றம் ஒழுங்குவிதிகளைக் கொண்டுவந்தது. 1910 அளவில் அவர்கள் அவ்விடத்தை விட்டு வெளியேற்றப்பட்டிருந்தார்கள். பீன் 1907இல் நகரமன்ற உறுப்பினரானவர் என்பதையும் இதனோடு சேர்த்துப் படிக்க வேண்டும். பூங்காவின் வரலாற்றைப் பெருமையாகச் சொல்பவர்கள் இந்தப் பகுதியை விரைவாகத் தாண்டிவிடுவதுண்டு.

நிலம் வாங்கிய அடுத்த ஆண்டு, 1904 ஆகஸ்டில், சர் ஹிராம் மேக்சிமின் 'பறக்கும் இயந்திரம்' இங்கே ஓடத் தொடங்கியது. மேக்சிம் என்றதும் இயந்திரத் துப்பாக்கி நினைவுக்கு வந்தால் அது சரிதான், அவரேதான். விமானம் கட்டும் ஆராய்ச்சியில் பெரும்பணத்தை இழந்திருந்த அவர், அதற்கு நிதி திரட்டவே இந்தச் சவாரியை வடிவமைத்தார். நடுவில் உயர்ந்த சுழலும் தூண். அதன் உச்சியிலிருந்து விரியும் கைகளில் கம்பிவடங்களால் தொங்கும் தொட்டில்கள். தூண் வேகமெடுக்க எடுக்க, மையவிலக்கு விசையால் தொட்டில்கள் வெளிப்புறமாக உயர்ந்து பறக்கும். பயணிகள் தாமே சிறகுகளைத் திருப்பி உயரத்தை மாற்றிக்கொள்ளும்படி செய்வதே மேக்சிமின் திட்டமாக இருந்தது. பாதுகாப்புக் கருதி அது அனுமதிக்கப்படாததால், 'வெறும் ராட்டினமாகிவிட்டதே' என்ற வருத்தம் அவருக்கு. அந்த வெறும் ராட்டினம்தான் பூங்காவின் மிகப் பழைய சவாரியாக இன்றும் அதே இடத்தில் சுற்றிக்கொண்டிருக்கிறது. படகில் ஏறிக் குகைகளுக்குள் மிதந்து செல்லும் 'ரிவர் கேவ்ஸ்' 1905இலும், மலைக்காட்சிகளுக்கு இடையே ஓடும் 'சீனிக் ரயில்வே' 1907இலும் வந்தன. 'பிளஷர் பீச்' என்ற பெயர் நிலைபெற்றதும் இந்த ஆண்டுகளில்தான். அவுத்வெயிட் 1911இல் மறைந்தார்.

பீனின் காலத்தில் வந்தவற்றுள் நான் முதன்மையாகக் கருதுவது 1923இல் திறக்கப்பட்ட 'பிக் டிப்பர்' என்னும் மர ரோலர் கோஸ்டரே. ஜான் மில்லர் என்ற அமெரிக்கப் பொறியாளரின் வடிவமைப்பில் உருவானது அது. ரோலர் கோஸ்டரின் வரலாற்றை இரண்டாகப் பிரித்தால், மில்லருக்கு முன், மில்லருக்குப் பின் என்றுதான் பிரிக்க வேண்டும். அவருக்கு முன் வண்டியின் சக்கரங்கள் தண்டவாளத்தின் மேல் உட்கார்ந்திருந்தன. மேட்டின் உச்சியில் வேகமாகத் தாண்டினால் வண்டியே எழும்பிவிடும் என்பதால் சரிவுகளை மென்மையாகவே வைக்க வேண்டியிருந்தது. தண்டவாளத்தின் அடிப்புறத்தைப் பற்றிக்கொள்ளும் கூடுதல் சக்கரங்களை மில்லர் பொருத்தினார். வண்டி எழும்ப முடியாது. பயணி மட்டும் இருக்கையிலிருந்து எழும்புவார். வயிற்றுக்குள் ஏதோ நழுவுவதைப் போன்ற அந்த உணர்வு இந்தச் சிறிய சக்கரத்தின் கொடைதான். மரக் கோஸ்டர்கள் நூறாண்டு நிற்பது எப்படி என்று சிலர் வியப்பதுண்டு. கோயில் தேரை நினைத்தால் விடை கிடைக்கும். சக்கரம் மாறும், சட்டம் மாறும், அச்சாணி மாறும், ஆனால் ஊருக்கு அது அதே தேர்தான். உப்புக்காற்று வீசும் கடற்கரையில் மரத்துக்கு ஆண்டு முழுவதும் வேலை உண்டு. பலகை பலகையாக மாற்றிக்கொண்டே போவதுதான் பராமரிப்பு.

பீன் 1929இல் இறந்தார். அவருக்கு ஒரே மகள், 1903இல் பிறந்த டோரிஸ். தந்தை இறப்பதற்கு முந்தைய ஆண்டுதான் டோரிஸ், ஆக்ஸ்போர்டில் படித்த லெனார்ட் தாம்சனை மணந்திருந்தார். ராட்டினத் தொழிலில் வளராத மருமகனிடம் பூங்கா வந்து சேர்ந்தது. பீன் குடும்பத்துச் சொத்து தாம்சன் குடும்பத்துச் சொத்தாகியதும் இப்படித்தான். வெளியிலிருந்து வந்தவர் என்பதாலோ என்னவோ, லெனார்ட் பூங்காவைப் புதிய கண்ணோடு பார்த்தார். ஒவ்வொரு சவாரியும் ஒவ்வொரு பாணியில், ஒன்றுக்கொன்று ஒட்டாமல், சந்தைக் கூடாரங்களைப் போல நின்றிருந்தது அவருக்குப் பிடிக்கவில்லை. 1930களின் தொடக்கத்தில் ஜோசப் எம்பர்ட்டன் என்ற கட்டடக் கலைஞரை அழைத்து, பூங்கா முழுவதையும் ஒரே நவீன பாணிக்கு மாற்றும் பொறுப்பை ஒப்படைத்தார். வெண்ணிற வளைவுகள், தட்டையான கூரைகள், தெளிவான எழுத்துகள் என்று ஐரோப்பாவின் மேல்தட்டுக் கட்டடக் கலையாக அன்று கருதப்பட்ட ஒன்றை, ஆலைத் தொழிலாளி ஒரு வாரம் வந்து போகும் இடத்தில் எம்பர்ட்டன் கட்டினார். பிரிட்டனில் அந்தப் பாணியை ஏழை எளிய மக்கள் நெருக்கமாகத் தொட்டுப் பார்த்த இடங்களில் இது முக்கியமானது என்பேன்.

எம்பர்ட்டனின் கைவண்ணத்தில் 1934இல் 'ஃபன் ஹவுஸ்' என்ற வேடிக்கைக் கூடம் வந்தது. 1935இல் 'கிராண்ட் நேஷனல்' வந்தது. 1939இல் வட்ட வடிவ 'கசினோ' கட்டடம் திறக்கப்பட்டது. கசினோ என்றதும் சூதாட்ட மண்டபத்தை எண்ணிவிட வேண்டாம். அக்காலத்து வழக்கில் அது உணவகமும் விருந்து மண்டபமும் சேர்ந்த கேளிக்கைக் கட்டடத்தின் பெயர். கிராண்ட் நேஷனல் என்பது லிவர்பூலுக்கு அருகே நடக்கும் புகழ்பெற்ற குதிரைப் பந்தயத்தின் பெயரைக் கொண்ட மர ரோலர் கோஸ்டர். சார்ல்ஸ் பேஜ் வடிவமைத்த அதில் இரண்டு வண்டிகள் பக்கத்தில் பக்கத்தில் பந்தயம் ஓடும். பார்வைக்கு இரண்டு தண்டவாளங்கள். உண்மையில் அது முடிவின்றிச் சுற்றிவரும் ஒரே தண்டவாளம்.

பேய்வீட்டுச் சவாரிக்குப் பெயர் வந்த கதையும் இந்தப் பூங்காவைச் சேர்ந்ததே. இருட்டுக்குள் வளைந்து வளைந்து போகும் சிறுவண்டிச் சவாரி 1930இல் அமெரிக்காவிலிருந்து இங்கே வந்தபோது, 'பிரெட்சல்' என்னும் முறுக்கிய ரொட்டித் தின்பண்டத்தின் பெயரைத் தாங்கியிருந்தது. அப்பெயர் ஆங்கிலேயருக்குப் பழக்கமில்லாததால், அந்நாளில் மேடையில் பேர்பெற்றிருந்த நாடகம் ஒன்றின் தலைப்பையொட்டி 'கோஸ்ட் டிரெயின்' என்று மாற்றினார்கள். இன்று உலகெங்கும் பொருட்காட்சிகளில் வழங்கும் பெயர் அதுவே.

பிரிட்டனில் ஊதியத்துடன் கூடிய விடுமுறைக்கான சட்டம் 1938இல் நிறைவேறியது. அதன் பலன் கிடைப்பதற்குள் உலகப் போர் வந்துவிட்டது. ஆனால் பிளாக்பூல் பயிற்சி மையமாகி, விமானப்படையில் சேர்ந்த இளைஞர்கள் பெருந்திரளாக அங்கே தங்கியதால், போர்க்காலத்திலும் பூங்கா மூடப்படவில்லை. போருக்குப் பிந்தைய பதினைந்து ஆண்டுகள் பிரிட்டனின் எல்லாக் கடற்கரை நகரங்களுக்கும் நல்ல காலம். 1960களில் ஸ்பெயினுக்கு மலிவான விமானப் பயணம் வந்தது; பருத்தி ஆலைகளும் ஒவ்வொன்றாக மூடின. வேக்ஸ் வாரம் என்ற ஏற்பாடே பொருளிழந்தது. கடற்கரைப் பூங்காக்களில் பெரும்பாலானவை சரியத் தொடங்கியது அப்போதுதான்.

இங்கே ஓர் ஒப்பீடு பயன்படும். நியூயார்க்கின் கோனி தீவில் ஜார்ஜ் டில்யூ 1897இல் தொடங்கிய 'ஸ்டீப்பிள்சேஸ்' பூங்காவும் குடும்பச் சொத்தே. இயந்திரக் குதிரைகள் தண்டவாளத்தில் பந்தயம் ஓடுவது அதன் அடையாளம். 1907இல் தீக்கிரையான பின்பும் மீண்டும் எழுந்த அப்பூங்காவை 1964இல் குடும்பத்தார் மூடினார்கள். மறு ஆண்டு நிலம் வீட்டுமனை வணிகர் ஒருவர் கைக்குப் போனது. அதற்கடுத்த ஆண்டு கட்டடம் இடிக்கப்பட்டது. பிளாக்பூலில் அந்த முடிவு நேரவில்லை. 1966இல், சுவிட்சர்லாந்தின் லொசான் நகரக் கண்காட்சியில் ஓடிய மோனோரயிலை வாங்கிவந்து பூங்காவின் தலைக்குமேல் ஓடவிட்டார்கள். 1967இல் நீரில் சறுக்கும் மரக்கட்டைப் படகுச் சவாரியைக் கட்டினார்கள். 1977இல் வந்த சவாரியின் பெயர் என்ன தெரியுமா? ஸ்டீப்பிள்சேஸ். மூன்று தண்டவாளங்களில் குதிரைகள் பந்தயம் ஓடும் அந்தச் சவாரி, கோனி தீவில் அழிந்ததன் வாரிசாக இன்னும் ஓடுகிறது.

லெனார்ட் 1976இல் மறைய, மகன் ஜெஃப்ரி தாம்சன் பொறுப்பேற்றார். தந்தையின் ஈடுபாடு கட்டடக் கலையில் என்றால் மகனின் ஈடுபாடு உயரத்தில். 1979இல் அவர் கொண்டுவந்த 'ரெவல்யூஷன்' பயணிகளைத் தலைகீழாகச் சுழற்றிவிட்டு, பின்னோக்கியும் ஒருமுறை சுழற்றி இறக்கியது. 1994 மே மாதத்தில் 'பிக் ஒன்' திறக்கப்பட்டது. 1.2 கோடி பவுண்டு செலவில் கட்டிய இந்த எஃகு ரோலர் கோஸ்டர் 213 அடி உயரம் கொண்டது. திறந்தபோது உலகிலேயே உயரமானது. குளிர்பான நிறுவனம் ஒன்றின் பெயரை விளம்பரத்துக்காகத் தாங்கியபடி பல ஆண்டுகள் ஓடியது. கட்ட இடம் எங்கே இருந்தது என்று கேட்கலாம். இடம் இல்லை. பழைய சவாரிகளுக்கு மேலேயும் இடையேயும் தூண்களை நிறுத்தித்தான் கட்டினார்கள். பரந்த நிலம் கொண்ட புதிய பூங்காக்களில் ஒரு சவாரியிலிருந்து இன்னொன்றுக்கு நடக்கவே கால் வலிக்கும். இங்கே ஒரு சவாரியின் வயிற்றுக்குள் இன்னொரு சவாரி புகுந்து ஓடும். 1923ஆம் ஆண்டு மரமும் 1994ஆம் ஆண்டு எஃகும் ஒரே பார்வையில் படுவது, எல்லையை விரிக்க முடியாமல் போனதால் விளைந்த அழகு. கடற்காற்று பலமாக வீசும் நாள்களில் பிக் ஒன்னை நிறுத்திவிடுவார்கள் என்பதும் அந்த இடத்தின் இயல்பு.

புதிய சவாரி ஒன்று தயாரானால் முதல் பயணிகளில் ஒருவராக டோரிஸ் அம்மையார் ஏறுவது வழக்கம். பிக் ஒன்னில் ஏறியபோது அவருக்கு வயது 91. தந்தை கண்டெடுத்த மணலையும், கணவர் எழுப்பிய கட்டடங்களையும், மகன் நிறுத்திய எஃகுத் தூண்களையும் ஒருவரே தம் வாழ்நாளில் பார்த்திருக்கிறார். விளம்பரத்துக்காகத்தான் அவரை ஏற்றினார்கள் என்று யாரேனும் சொன்னால், விளம்பரத்துக்காக 91 வயதில் 213 அடி உயரத்திலிருந்து விழ எத்தனை பேர் முன்வருவார்கள் என்றே நான் திருப்பிக் கேட்பேன்.

1991இல் ஃபன் ஹவுஸ் தீயில் அழிந்தது. அந்த இடத்தில் 2000ஆம் ஆண்டு 'வல்ஹல்லா' என்ற இருட்டு நீர்ச்சவாரி எழுந்தது. 2004 ஜூனில் ஜெஃப்ரி திடீரென மாரடைப்பால் காலமானார். அதே மாதத்தில், 101 வயதில், டோரிஸும் மறைந்தார். சில நாள்களுக்குள் இரண்டு தலைமுறைகள் போக, ஜெஃப்ரியின் மகள் அமாண்டா தாம்சன் தலைமைக்கு வந்தார். 1982இல் மேடைக்காட்சி நிறுவனம் ஒன்றைத் தொடங்கி, பூங்காவின் பனித்தள அரங்கில் சறுக்கு நடனக் காட்சிகளை உருவாக்கிவந்தவர் அவர். தம்பியும் தங்கையும் நிர்வாகத்தில் உடனிருந்தார்கள்.

குடும்பம் எல்லாவற்றையும் காப்பாற்றியது என்று எண்ணிவிடக் கூடாது. அவர்கள் கையில் இதே கரையோரம் வேறு பூங்காக்களும் இருந்தன. மொர்கேமில் இருந்தது நூற்றாண்டின் முடிவில் மூடப்பட்டது. சவுத்போர்ட்டில் இருந்த 'பிளஷர்லாண்ட்' 2006இல் மூடப்பட்டது. அங்கிருந்த 1937ஆம் ஆண்டு மர ரோலர் கோஸ்டரை ஆர்வலர்களின் எதிர்ப்பையும் மீறி இடித்தார்கள். அங்கிருந்த எஃகு ரோலர் கோஸ்டர் ஒன்றைக் கழற்றிக்கொண்டுவந்து 2007இல் பிளாக்பூலில் 'இன்ஃபியூஷன்' என்று பெயர் மாற்றி நிறுத்தினார்கள். நெருக்கடி வந்தபோது தாய்ப் பூங்காவுக்காகக் கிளைகளை வெட்டினார்கள் என்பதே இதன் பொருள். 1958ஆம் ஆண்டின் 'வைல்ட் மவுஸ்' என்ற மரச் சவாரியும் 2017-18 குளிர்காலத்தில் முன்னறிவிப்பின்றி அகற்றப்பட்டது. அதை ரசிகர்கள் பலர் இன்னும் மன்னிக்கவில்லை. அந்த 2017இலேயே பிக் டிப்பர், கிராண்ட் நேஷனல், 'நோவாஸ் ஆர்க்' என்ற பேழை வடிவ வேடிக்கைக் கூடம் முதலியவை பாதுகாக்கப்பட்ட மரபுச் சின்னங்களின் பட்டியலில் சேர்க்கப்பட்டதால், இனி அவற்றை விருப்பம்போல் இடிக்க இயலாது. 2018இல் 1.6 கோடி பவுண்டுக்கு மேல் செலவிட்டு வண்டியை விசையால் ஏவிவிடும் 'ஐகான்' என்ற ரோலர் கோஸ்டரைக் கட்டியபோதும், பழைய வழக்கப்படியே அதை மற்றச் சவாரிகளின் இடைவெளிகளுக்குள் நுழைத்தார்கள்.

அமாண்டாவின் காலத்து மாற்றங்களில் மிகப் பெரியது சவாரி அல்ல, வேலி. நூறாண்டுகளுக்கு மேல் இந்தப் பூங்காவுக்கு நுழைவுக் கட்டணம் கிடையாது. கடற்கரைச் சாலையில் நடப்பவர் அப்படியே உள்ளே வந்து, வேடிக்கை பார்த்து, விரும்பிய சவாரிக்கு மட்டும் சீட்டு வாங்கலாம். 2009இல் எல்லையை அடைத்து நுழைவுக் கட்டணம் விதித்தார்கள். குடிபோதையில் திரிபவர்களைத் தவிர்க்கலாம், குடும்பத்தோடு வருபவர்கள் நிம்மதியாக இருக்கலாம் என்பன நியாயமான காரணங்கள்தாம். ஆனாலும் பேரக்குழந்தைகளைச் சவாரியில் ஏற்றிவிட்டுப் பெஞ்சில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த பாட்டிகளுக்கு அந்த வேலி ஓர் இழப்பு என்பதை மறுப்பதற்கில்லை.

நேரில் போகும் வாய்ப்புக் கிடைத்தால் முதலில் மேக்சிமின் பறக்கும் இயந்திரத்தில் ஏறுங்கள். தொட்டில் வெளிப்புறமாக உயரும்போது பூங்காவின் எல்லா ஆண்டுகளும் கீழே அடுக்காகத் தெரியும். அடுத்து கிராண்ட் நேஷனல். உடன் வந்தவரை மேடையின் இந்தப் பக்கத்தில் காத்திருக்கச் சொல்லிவிட்டு ஏறாதீர்கள். தண்டவாளம் ஒன்றே என்பதால், இடப்பக்கம் ஏறிய வண்டி வலப்பக்கம் வந்து நிற்கும்.